செவுரு அதேதான், மணி வேற

"ஒண்ணும் ஆகாதுல்ல தம்பி?"

எங்கள் பெரிய வாத்தியார் என்னிடம் பேசிய முதல் பேச்சே இதுதான். உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த காட்டை விட்டு, வாத்தியார் ட்ரெயினிங் முடித்த கையோடு, ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலையில் சேர மதுரைக்கு வந்து நிற்கிறேன். ஆர்டரில் மறுநாள் தேதி போட்டிருந்தது. ஊரிலிருந்து வருகிறவன் ஒரு நாள் முன்னால் வந்தால் என்ன குடியா முழுகிவிடும்? அவருக்கு முழுகும் போலத்தான் இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சந்தின் முனையையே பார்த்துக்கொண்டு, இன்றைக்கே உள்ளே வந்துவிட்டால் ஒன்றும் ஆகாதில்லையா என்று கேட்டார். என்னத்த ஆகப்போகுது என்று சொன்னேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. பெட்டியை மட்டும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் காபிக் கடையில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்.

அவர் பேரை நான் சொல்லப்போவதில்லை. இன்று உயிரோடு இருந்தால் அதற்கும் பயப்படுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி ஒரு பயந்த மனுசனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒல்லியாக, உயரமாக, காதோரம் நரைத்த தாடியோடு, கறுப்புக் கோட்டும் துருக்கித் தொப்பியுமாகப் பார்க்க எடுப்பாகத்தான் இருப்பார். ஆனால் தன்னுடைய அறைக்குள் போவதற்கே கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். உள்ளே யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டேன் ஒரு நாள். யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் என்றார். யாராவது என்றால் அவர் அகராதியில் ஒரே ஆள்தான், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்.

பள்ளிக்கூடம் சிம்மக்கல்லிலிருந்து வைகைப் பக்கம் இறங்குகிற சந்து ஒன்றில், ஒரு சின்னப் பள்ளிவாசலை ஒட்டி இருந்தது. ஒரே ஒரு பெரிய கூடம், பக்கத்தில் அவருடைய அறை, அம்புட்டுத்தான். அந்த வட்டாரத்து முஸ்லிம் வியாபாரிகள் கமிட்டி போட்டு நடத்தினார்கள். ஆனால் எங்கள் சம்பளத்தில் பெரும்பங்கு சர்க்கார் கொடுக்கிற கிராண்ட். கிராண்டை வாங்குகிற பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் சில கட்டுப்பாடு வைத்திருந்தது. வேதம் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் அது பள்ளி நேரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வேற்று மதத்துப் பிள்ளையை அதில் உட்கார வைப்பதென்றால் பெற்றவர்கள் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். மீறினால் கிராண்ட் நிற்கும். கிராண்ட் நின்றால் கூடத்துக்குப் பூட்டுத்தான்.

அதனால் விடியக்காலையில் குர்ஆன் ஓதுகிற நேரம். ஓதிக்கொடுக்கிற லெப்பை, வயசாகிக் கண் தெரியாதவர், வந்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, அலிபு, பே என்று அரபு எழுத்திலிருந்து சொல்லிக்கொடுப்பார். அது முடிந்ததும் அதே கூடத்தில் எங்கள் பள்ளிக்கூடம். கிராண்ட் வாங்குகிற மற்ற எய்டட் பள்ளிக்கூடங்களிலும் இப்படித்தான். ஒரு பாடம் முடிந்து மறு பாடம் மாதிரி புத்தகத்தை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் ஆள் அப்படியெல்லாம் விடுகிறவர் இல்லை.

ஓதி முடிந்ததும் வெண்கல மணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். மணி அடித்தவுடன் அத்தனை பிள்ளைகளும் எழுந்து, ஓதுகிற மடக்குப் பலகைகளையும் வேதத்தையும் அலமாரியில் வைத்துவிட்டு, சந்துக்கு வெளியேற வேண்டும். எல்லோரும். ஒரு சுண்டு விரல்கூட உள்ளே இருக்கக் கூடாது. அவர் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுவார். சுவரில் தொங்குகிற அரபு எழுத்துப் பலகையைத் திருப்பி மாட்டுவார், அதன் முதுகில் வாய்ப்பாடு எழுதியிருக்கும். கதவைச் சாத்துவார். உள்ளே தனியாக நின்று ஒரு தடவை சுற்றிப் பார்ப்பார். பிறகு கதவைத் திறந்து இன்னொரு மணி. வெளியேறிய அதே பிள்ளைகள் அதே வாசலில் அதே கால்களோடு திரும்ப உள்ளே வரும். அதற்குப் பிறகுதான் ஆஜர் எடுப்பது.

வெயிலோ மழையோ, ஒரு நாள் தப்பியதில்லை. எனக்கானால் பற்றிக்கொண்டு வரும். நான் கொஞ்சம் முன்கோபக்காரன், எங்கள் பக்கத்தில் பேச்சும் கொஞ்சம் தடித்துத்தான் இருக்கும். ஒரு நாள் கேட்டே விட்டேன். ஏன் அண்ணே, அதே பிள்ளைக, அதே செவுரு, எதுக்கு இந்தக் கூத்து?

"செவுரு அதேதான் தம்பி," என்றார். "மணி வேற."

இதைச் சொல்லும்போதும் சந்து முனையில் ஏதோ குதிரை வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதை அங்கேதான் வைத்திருந்தார். சிம்மக்கல்லில் குதிரை வண்டிக்கா பஞ்சம்? வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கெல்லாம் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மத்தியானம் வீட்டிலிருந்து வருகிற சாப்பாட்டில் பாதியை எங்களுக்குத் தள்ளிவிடுவார். வயிற்றில் எப்போதும் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறதாம், சோறு இறங்க இடமில்லையாம். நாங்கள் ஆணம் என்கிற அவர் வீட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து வெட்டிக்கொண்டே அவரைக் கேலி செய்வோம். நான் மேசைக்கு அடியில் செருப்புக்காலால் தரையைத் தட்டி, பூட்சு போட்ட இன்ஸ்பெக்டர் வர்ற மாதிரி சத்தம் காட்டுவேன். அவர் எழுந்து கோட்டுப் பித்தானைப் போட்டுவிட்டுத்தான் எனக்கு வசவு கொடுப்பார். அந்த வசவும் மெதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று. அவர் உதவி வாத்தியாராக இருந்த முதல் பள்ளிக்கூடமும் எங்களைப் போல ஒரு எய்டட் பள்ளிக்கூடந்தான், வேறு ஊரில். அங்கே ஓதல் கொஞ்சம் நீண்டு பள்ளி நேரத்துக்குள் வந்துவிடும். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்தபோது ஆஜர் எடுத்து முடித்தாகிவிட்டது, பிள்ளைகள் இன்னும் ஓதிக்கொண்டிருக்கின்றன. கிராண்ட் நின்றது. கமிட்டி கொஞ்ச நாள் கையிலிருந்து போட்டது, பிறகு அதுவும் நின்றது. கூடத்தைப் புகையிலைக் கிட்டங்கிக்கு வாடகைக்கு விட்டார்கள். தன்னிடம் படித்த பிள்ளைகள் அதே கூடத்தில் உட்கார்ந்து புகையிலைக் காம்பு கிள்ளுவதை அவர் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகள் தன்னைப் பார்த்ததும் எழுந்து நின்றன என்றார். எனக்கு அதற்கப்புறம் பூட்சுச் சத்தம் காட்ட மனசு வரவில்லை.

இப்படி இருக்கிறபோதுதான் அந்தக் கீரைக்காரம்மா வந்தாள்.

விளாங்குடித் தோட்டங்களில் கீரை பறித்துக் கட்டிக்கொண்டு, பொழுது விடியுமுன்னே தலைச்சுமையாக சிம்மக்கல்லுக்கு நடந்து வருகிறவள். எங்கள் பக்கத்துச் சனம்தான், பேச்சிலேயே தெரிந்துவிட்டது. மழை பொய்த்து, புருசனும் போய்ச் சேர்ந்து, ஒத்தை மகளோடு பிழைக்க வந்தவள். மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று ஒரு வெறி. பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லாமலில்லை, ஆனால் அவள் கடை போடுகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது எங்களுடையதுதான். எங்களிடம் ஏற்கெனவே சில இந்துப் பிள்ளைகள் உண்டு. மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். அதுகள் இரண்டாவது மணிக்குத்தான் வரும். இந்தப் பிள்ளையோ விடியக்காலையே அம்மாவோடு வந்துவிடும். மார்க்கெட்டில் வண்டிக்கும் மாட்டுக்கும் நடுவில் பிள்ளையை விட முடியாது. வாத்தியாரய்யா, ஒரு மூலையில உக்காந்துக்கிரும், சத்தம் போடாது என்று கும்பிட்டாள்.

லெப்பைக்கு ஆட்சேபணை இல்லை. அந்த மனுசனுக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் பிள்ளைதான். ஆனால் பெரிய வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. ஓதுகிற நேரத்தில், ஓதுகிற கூடத்தில், ஓதாத சாதிப் பிள்ளை. முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அது ரொம்பச் சுலபம். அதைச் சொல்லவும் அவரால் முடியவில்லை. மறுநாள் காலை நான் சந்துக்குள் திரும்புகிறேன், பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே ஒரு முக்காலி. அதில் துருக்கித் தொப்பியோடு பெரிய வாத்தியார். கீழே சாக்கை விரித்து அந்தப் பிள்ளை. இருவருக்கும் மேலே அவருடைய குடை. உள்ளே ஓதுகிற சத்தம், வெளியே ஓரொண்ணு ஒண்ணு.

அன்றையிலிருந்து அதுதான் அவருடைய காலை வேலை. ஊரில் இருக்கிற பெரிய மனுசர்கள் போகிற வருகிற சந்தில், ஒரு ஹெட்மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து ஒரு கீரைக்காரி மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார். தொழுதுவிட்டுத் திரும்புகிற ஆட்கள் சலாம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். என்ன பாய், உங்களை வெளிய தள்ளிட்டாங்களா என்று கேட்ட ஆளும் உண்டு. அவர் எல்லோருக்கும் சலாம் திருப்பிச் சொல்வார், முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்க எரிச்சலும் வரும், ஆனாலும் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

நாடு இரண்டாகப் பிரிந்த பிறகு சந்தின் முகமே மாறிப்போயிற்று. எங்கள் ஊரில் வெட்டுக் குத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் வடக்கேயிருந்து வருகிற செய்தி ஒவ்வொன்றும் இங்கே வந்து ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஒரு விரல் அளவு சாத்திவிட்டுப் போகும். கடைகளைப் பொழுதோடு கட்டினார்கள். சத்தமாகப் பேசுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தினார்கள். கமிட்டித் தலைவர் தோல்மண்டி வைத்திருந்தவர், மதுரையே அதிர்கிற மாதிரி சிரிக்கிறவர், அவரே ஒரு மாதிரி ஒடுங்கிப் போனார். டெல்லியில் புதுச் சட்டம் எழுதுகிறார்களாம், மதத்துக்காரர்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் பணம் கிடையாது என்று சொல்லப் போகிறார்களாம் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். இன்னொருவர் இல்லை, சொல்ல மாட்டார்கள் என்றார். தினம் ஒரு வதந்தி. பேப்பர் வந்ததும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். பெரிய வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும் அதே கேள்விதான், ஒண்ணும் ஆகாதுல்ல தம்பி? அந்த நாளில் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஆகாதுண்ணே என்று சும்மா சொல்லி வைப்பேன்.

பிறகு ஒரு பேச்சு கிளம்பிற்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்துப் பிள்ளைகளை உட்கார வைத்து ஓதச் சொல்கிறார்கள் என்று. யார் கிளப்பினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. காபிக் கடையில் என் காதுபடவே ஒருவன் சொன்னான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். ஓடிப்போய்ப் பெரிய வாத்தியாரிடம் சொன்னால், அவருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. சண்டை போட்டியா தம்பி என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாடு பிரிந்த மறுவருசத்து மழைக்காலம் வந்தது. வைகையில் தண்ணீர் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடிற்று. அந்தக் காலையில் காற்றோடு சேர்ந்து சாய்ந்து அடிக்கிற மழை. நான் வந்து சேரும்போது முக்காலி வாசலில் இல்லை. குடை கம்பி முறிந்து சுவரோரம் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், வாசல்படிக்கு உள்பக்கம், கதவை ஒட்டி அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. முந்தின நாளிலிருந்து காய்ச்சலாம். பெரிய வாத்தியார் தன் கோட்டைக் கழற்றி அதன் மேல் போர்த்தியிருந்தார். அவர் கோட்டில்லாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். கூடத்தில் ஓதல் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து குதிரை வண்டி வந்து நின்றது.

டிப்டி இன்ஸ்பெக்டர். சொல்லாமல் கொள்ளாமல், பியூனோடு, விடியக்காலையில். பள்ளி நேரத்துக்கு முன்னால் எந்த இன்ஸ்பெக்டரும் வருவதில்லை. வந்திருக்கிறார் என்றால் எதற்கென்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். வெறும் சட்டையோடு, ஈரத் தாடியோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இல்லாத கோட்டுக்குப் பித்தான் தேடிவிட்டு, ஐயா வரணும் என்றார்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனுசர் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். சிடுசிடுப்பானவர், வந்த வேலையைப் பார்க்கிறவர். பாவாடையும் நெற்றியில் திருநீறுமாக இருந்த பிள்ளையைப் பார்த்ததும் அதன் எதிரே குனிந்தார். உனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியுமா என்று ஓதுகிற பிள்ளைகளைக் காட்டிக் கேட்டார். காய்ச்சலில் கண் சிவந்திருந்த அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அது மட்டும்தான் தெரியும். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை முதலிலிருந்து கடைசிவரை தட்டுத் தடங்கலில்லாமல் சொல்லிற்று.

கூடத்தில் ஓதல் நின்றுவிட்டது. லெப்பை தலையைத் தூக்கிச் சத்தம் வந்த திக்கில் காதைத் திருப்பினார். மழை ஓட்டில் விழுகிற சத்தம்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். யாரும் சொல்லித்தரவில்லை, காதில் விழுந்தது என்றது பிள்ளை. தினமும் எங்கே உட்காருவாய்? வெளியில், பெரிய வாத்தியாரோடு. அவர் என்ன சொல்லித்தருவார்? வாய்ப்பாடு. பதினாறு வரைக்கும் தெரியும், சொல்லவா என்று கேட்டது. இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் பெரிய வாத்தியாரைப் பார்த்தார். இந்த மழையில் பிள்ளை தானாக உள்ளே ஓடி வந்துவிட்டதா என்று கேட்டார். அதில் ஒரு வழி இருந்தது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நான் மனசுக்குள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன், ஆட்டுங்க அண்ணே, ஆட்டுங்க.

"நாந்தான் உள்ள கூப்பிட்டேன் ஐயா," என்றார் பெரிய வாத்தியார்.

சொல்லிவிட்டுச் சுவர்க் கடியாரத்தைப் பார்த்தார். அந்த நடுக்கத்திலும் பார்த்தார் பாருங்கள், அதுதான் அவர். மணி ஆயிருச்சு, அனுமதிக்கணும் என்றார். இன்ஸ்பெக்டர் என்ன ஏது என்று விளங்காமல் சரி என்றார். வெண்கல மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்தன, பலகைகளையும் வேதத்தையும் அலமாரியில் வைத்தன, வரிசையாக அந்தக் கொட்டுகிற மழையில் சந்துக்கு இறங்கின. காய்ச்சல்காரப் பிள்ளையும் கோட்டைத் தலையில் போர்த்திக்கொண்டு இறங்கிற்று, ஒன்றுகூட முனகவில்லை. பலகை திரும்பிற்று, பூட்டு விழுந்தது, கதவு மூடிக்கொண்டது. கதவுக்கு வெளியே நானும் இன்ஸ்பெக்டரும் பிள்ளைகளும் மழையில் நின்றோம். இன்ஸ்பெக்டருடைய தலைப்பாகை நனைந்து தண்ணீர் மூக்கு வழியாக இறங்கிற்று. தினமுமா என்று என்னிடம் கேட்டார். தினமும்தான் என்றேன். இரண்டாவது மணி அடித்துக் கதவு திறந்தது.

அதற்குப் பிறகு அறைக்குள் நாங்கள் மூவரும்தான். இன்ஸ்பெக்டர் குரல் தணிந்திருந்தது. இவ்வளவு எதற்குச் சிரமம், பிள்ளையின் தாயாரிடம் ஒரு சம்மதத்தில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டால் உள்ளே உட்கார வைக்கலாமே, சட்டமே இடம் கொடுக்கிறதே, யார் கேட்கப் போகிறார்கள் என்றார். யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது. இத்தனை நாள் நமக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன்.

பெரிய வாத்தியார் மேசையில் கிடந்த ஆஜர்ப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு சொன்னார்.

"நான் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அந்தம்மா ரேகை வச்சிரும் ஐயா. அதனாலதான் கேக்கல."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியேறிப் போய்விட்டார்.

சர்க்கார் உத்தரவு வரும்வரை நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, சத்துருவுக்கும் வேண்டாம். கமிட்டித் தலைவர் வந்து, ஓடி வந்துச்சுன்னு ஒரு பொய் சொல்ல வலிச்சுதா உமக்கு என்று கத்தினார். அந்தக் கத்தலில் பயம்தான் இருந்தது. லெப்பை கூடத்தில் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தலையைத் தடவிப் பார்ப்பார், எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுகிறவர் போல. பெரிய வாத்தியார் சோற்றைத் தொடவே இல்லை. ஒரு நாள் என்னிடம், இந்தக் கூடத்தில் வெளிச்சம் நல்லா விழுது, காம்பு கிள்ளத் தோதான இடம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன். வெளியே போய் அழுதேன், அது அவருக்குத் தெரியாது.

கடைசியில் உத்தரவு வந்தது. கிராண்ட் தொடரும். ஓதுகிற நேரத்தில் வேற்று மதத்துப் பிள்ளைகள் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது என்று மட்டும் எச்சரித்திருந்தது. நாங்கள் ஜிலேபி வாங்கி வந்து தின்றோம். பெரிய வாத்தியார் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரமும் கட்டடம்தானே தம்பி என்றார். மறுநாள் முக்காலி தாழ்வாரத்தைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி, வெட்டவெளிக்குப் போய்விட்டது. புதுக் குடை ஒன்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருசக் கடைசியில், டெல்லியில் சட்டம் எழுதி முடித்து ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பேப்பர் வந்தது. சத்தமாக வாசித்தேன். எந்தச் சிறுபான்மையாரும் தங்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளலாம். உதவி கொடுப்பதில் சர்க்கார் மற்றவர்களுக்கு ஒரு கண்ணில் வெண்ணெய், அவர்களுக்கு மறு கண்ணில் சுண்ணாம்பு என்று வைக்கக் கூடாது. சர்க்கார் உதவி வாங்குகிற பள்ளியில், தன் சம்மதம் இல்லாமல், சிறு பிள்ளையானால் காப்பாளர் சம்மதம் இல்லாமல், யாரையும் மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது. தோல்மண்டிக்காரர் பழையபடி சந்து அதிரச் சிரித்தார். எனக்கு நிலைகொள்ளவில்லை. உங்க மணியைத்தான் அண்ணே டெல்லியில எழுதி வச்சிருக்காங்க, இனி என்ன பயம் என்றேன்.

பெரிய வாத்தியார் கடைசி வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"சம்மதம்னு போட்டிருக்கு," என்றார். "யாரு கேக்குறாங்கிறது போடலையே தம்பி."

எனக்குச் சலித்துப் போயிற்று. இந்த மனுசனுக்குச் சொர்க்கத்திலும் வேர்க்கும் என்று நினைத்தேன். கமிட்டித் தலைவருக்கும் அப்படித்தான். இனிமேல் ஹெட்மாஸ்டர் தெருவில் உட்காருகிற அவமானம் வேண்டாம், அந்தப் பிள்ளையும் மழையில் நனைய வேண்டாம் என்று, சம்மதத்துக்கு ஒரு காகிதத்தை அவரே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். மேசையில் மைக்கூடு இருந்தது. கீரை விற்று முடித்து மகளைப் பார்க்க வந்த அந்த அம்மாவை நான்தான் அறைக்குள் கூப்பிட்டேன்.

கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். தலைவர் காகிதத்தை அவள் பக்கமாகத் தள்ளி, ஒன்றுமில்லையம்மா, ஒரு கைநாட்டு என்றார்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. பெரிய வாத்தியார் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். கீரைத் தண்ணீர் ஊறி வெடித்திருந்த கட்டைவிரலை முந்தானையில் அழுந்தத் துடைத்தாள். துடைத்து நீட்டிவிட்டாள்.

அந்த விரல் மேசைக்கு மேலே நின்றது. அதில் என்ன எழுதியிருந்தாலும் அவள் வைத்திருப்பாள். வீட்டைக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாலும், மகளைக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாலும். எழுதியவர் நல்லவர் என்பதைத் தவிர அவளுக்கு ஒரு காவலும் இல்லை. தோல்மண்டிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பெரிய வாத்தியார் மைக்கூட்டை எடுத்து, மூடியைத் திருகி மூடி, மேசைக்குக் கீழே வைத்தார்.

"மை தீந்துபோச்சும்மா," என்றார். "நீங்க போயிட்டு வாங்க."

நான் அறிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அவள் சரிங்கய்யா என்று கும்பிட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் முக்காலி எதிர்ச்சுவரோரம்தான் இருந்தது. நான் என்னுடைய குடையையும் கொண்டுபோய் அவர்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வயிற்றில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு மத்தியானம் எனக்கும் சோறு இறங்கவில்லை.